கானம் கார் எனக் கூறினும்: காலநிலை மாற்றத்தைக் கவிதையில் சொல்வது

சென்னைக்கு ரெட் அலர்ட் என்று டிவியில் ஓடினால் போதும், அன்று சாயங்காலமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் ஏறி நின்றுவிடும். 2024 அக்டோபரில் பெருமழை தொடங்குவதற்கு முன்பே வரிசை கட்டிவிட்டன. போலீஸ் அபராதம் போட்டாலும் பரவாயில்லை, இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் ஆகிற செலவுக்கு அது தேவலை என்பது அங்கே இருப்பவர்கள் போடும் கணக்கு. சேதி சொல்லும் கலை என்று பார்த்தால் இது அபாரமான வெற்றி. இரண்டே சொல்லில் ஒரு வட்டாரமே எழுந்து வேலை பார்க்கிறது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரின் நினைவு அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது.

அதே வானத்தைப் பற்றிய இன்னொரு சேதி 1990இலிருந்து சொல்லப்பட்டு வருகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தன் முதல் அறிக்கையை வெளியிட்ட ஆண்டு அது. உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் நடுவே சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 2006க்குப் பிறகு ஏறும் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெய்கிறபோது அதையும் சேர்த்துக் கொட்டும். எல்லாம் அளந்து பார்த்துச் சொன்னவை. ஆனால் 3.7 மில்லிமீட்டருக்குப் பயந்து யாரும் காரை மேம்பாலத்தில் ஏற்ற மாட்டார்கள். அந்த எண்ணுக்குள் ஆளும் கிடையாது, தெருவும் கிடையாது, மாதமும் கிடையாது.

இந்த முட்டுச்சந்தில் நின்றபோதுதான் உலகில் சிலருக்குக் கவிதையின் ஞாபகம் வந்தது. 2013இல் ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கையில் முதல் பாகம் வந்தது; ஆயிரத்தைந்நூறு பக்கம். அமெரிக்கக் கடலியல் அறிஞர் கிரெகரி ஜான்சன் அதன் சாரத்தை 19 ஹைக்கூக்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் வாட்டர்கலரில் படமும் வரைந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த ஐ.நா. காலநிலை உச்சி மாநாட்டில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த கேத்தி ஜெட்னில்-கிஜினர் என்ற இளம் கவிஞர் மேடையேறினார். அவருடைய நாடு கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக இரண்டு மீட்டர் உயரம்தான். ஏழு மாதக் குழந்தையான தன் மகளைக் கூப்பிட்டு, உன்னைக் கடல் விழுங்க விடமாட்டோம் என்று சொல்லும் கவிதையைப் படித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஜான்சனின் ஹைக்கூக்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவை நல்ல சுருக்கம், அவ்வளவுதான். அறிக்கையைப் படித்தவருக்குத்தான் அவற்றின் அருமை தெரியும். இரண்டாவது கவிதையில் ஒரு தாய் தன் மகளிடம் பேசுகிறாள். உலகத் தலைவர்கள் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறார்கள். இந்த வித்தியாசத்தைத் தமிழ் வாசகருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் அகப்பாட்டு முழுக்க இப்படி ஒட்டுக்கேட்கிற பாட்டுதானே. தோழி தலைவியிடம், தலைவி நெஞ்சிடம், செவிலி கண்டோரிடம் பேசுவார்கள். எந்தப் பாட்டும் பொதுமக்களை நோக்கி மைக் பிடிப்பதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறது:

திணையே கைகோள் கூற்றுவகை எனாஅக்
கேட்போர் களனே காலவகை எனாஅப்
பயனே மெய்ப்பாடு எச்சவகை எனாஅ

யார் சொல்வது, யார் கேட்பது, எந்த இடத்தில், எந்தப் பொழுதில், என்ன பயனுக்காக, கேட்பவருக்குள் என்ன உணர்ச்சி எழ வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும். மக்கள் தொடர்பு படிக்கிற பிள்ளைகளுக்கு இன்று முதல் செமஸ்டரில் நடத்துவது கிட்டத்தட்ட இதைத்தான்.

சரி, இவ்வளவு கைவசம் வைத்துக்கொண்டு நாம் என்ன எழுதுகிறோம்? ஜூன் 5 வந்தால் பள்ளி, கல்லூரி, குடியிருப்போர் சங்கம் எல்லாவற்றிலும் சுற்றுச்சூழல் கவிதைப் போட்டி நடக்கும். பூமித்தாய் அழுவாள். மரம் கை கூப்பும். வானம் கண்ணீர் வடிக்க மறுக்கும். மனிதா, மனிதா என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு மரம் நடச் சொல்வார்கள். எழுதுகிற பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, கொடுக்கிற தலைப்பு அப்படி. அந்தக் கவிதைகளைச் சென்னையில் படித்தாலும் ஸ்வீடனில் படித்தாலும் ஒன்றுதான். இடம் கிடையாது, மாதம் கிடையாது, யார் செய்தது என்பதும் கிடையாது. உலகத்திலுள்ள எல்லா மனிதர்களும் சேர்ந்து செய்த பாவம் என்று ஆகிவிட்டால், யாரும் செய்யாத பாவம் என்று ஆகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரே ஐந்தடிப் பாட்டு ஒன்று இருக்கிறது. குறுந்தொகையில் 66ஆவது.

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடியிணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார்என மதித்தே.

பொருள் தேடிக் கற்கள் நிறைந்த சுரத்தின் வழியே போனவன், கார்காலம் வந்தால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மழை பெய்துவிட்டது. கொன்றை கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. ஆளைக் காணோம். தலைவி உடைந்துபோகிறாள். உடனே தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவில்லை. காலம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து, அவர் சொன்ன பருவம் வருவதற்கு முன்னாலேயே பூத்துத் தொலைத்திருக்கின்றன.

இயற்கையியலாளர் ஒருவர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். மழைக்கும் பூவுக்கும் பருவத்துக்கும் உள்ள கணக்கு பிசகிப்போவதைத்தான் இன்று உலகமெங்கும் நோட்டுப் போட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். கேரளத்தில் விஷுவுக்கு வெகு முன்பே கொன்றை பூத்துவிட்டது என்பது சில வருஷங்களாக அடிக்கடி வரும் செய்தி. ஆனால் இந்தப் பாட்டின் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டோடு எழுதிவைத்த பழைய துறைக்குறிப்பு என்ன சொல்கிறது என்றால், பருவம் கண்டு அழிந்த தலைவியைத் தோழி ‘பருவம் அன்று’ என்று வற்புறுத்தியது. அதாவது பருவம் வந்துதான் விட்டது. கொன்றை சரியாகத்தான் பூத்திருக்கிறது. தோழிக்கும் அது தெரியும். தெரிந்தே, பிரியத்தினால், மரத்தை முட்டாளாக்குகிறாள்.

இதன் மறுபக்கம் 21ஆவது பாட்டு. அங்கே பேசுவது தலைவி. காடு முழுக்கக் கொன்றை பூத்து, பொன்நகை சூடிய பெண்களின் கூந்தல் மாதிரி மின்னுகிறது. அவள் சொல்வது:

கானம் கார்எனக் கூறினும்
யானோ தேறேன்அவர் பொய்வழங் கலரே.

காடே இது கார் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் அவர் பொய் சொல்ல மாட்டார். அவளுக்குத் தகவல் பற்றாக்குறை எதுவும் இல்லை. கண்ணுக்கு முன்னால் காடே சாட்சி சொல்கிறது. ஆனால் சாட்சியை ஏற்றுக்கொண்டால் அந்த ஆளை இழக்க வேண்டும். அதனால் காட்டைத் தள்ளிவிட்டு ஆளை வைத்துக்கொள்கிறாள். காலநிலை பற்றிப் பேசுகிறவர்களில் நிறையப் பேர், ஜனங்களுக்குப் புள்ளிவிவரம் போதவில்லை, இன்னும் இரண்டு வரைபடம் காட்டினால் நம்பிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். இந்த இரண்டடி அந்த நினைப்பை உடைத்துவிடுகிறது. மனிதர்கள் உண்மையைத் தள்ளிவைப்பது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. ஒரு நம்பிக்கையை, ஒரு உறவை, ஒரு முதலீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

இருபது வருஷத் தவணையில் வீடு வாங்கியவரிடம் போய் இது ஏரிக்கரை என்று சொல்லிப் பாருங்கள். ஏரி எனத் தண்ணீரே கூறினும் யானோ தேறேன், பில்டர் பொய் வழங்கலரே. சிரிக்கத் தோன்றினாலும் அவரைத் தலைவியின் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவரிடம் எப்படிப் பேசுவது என்பது பிடிபடும். பயமுறுத்தினால் அவர் இன்னும் இறுக்கமாகக் கதவைச் சாத்திக்கொள்வார்.

கவிதை செய்யக்கூடிய இன்னொரு வேலை, எது இயல்பாக இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்த காலத்தில் கடலில் எவ்வளவு மீன் இருந்ததோ அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் இருந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்பது கணக்கிலேயே வருவதில்லை. மழைக்கும் வெயிலுக்கும் இதே கதிதான். 2000க்குப் பிறகு பிறந்த சென்னைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கூடம் வெள்ளத்துக்காக மூடுவது இயல்பு. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்ததை விவரம் தெரியும் வயதில் பார்த்த பிள்ளைக்கு அதுவும் இயல்பு.

நுங்கம்பாக்கத்தில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அமைத்த மதராஸ் வானாய்வகம் 1796லிருந்து வானிலையைக் குறித்துவைக்கத் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இந்த ஊருடையது. ஆனால் பதிவேடு அலமாரியில் இருக்கும். வாயில் இருப்பது பழமொழி. ‘கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை’ என்பது எவ்வளவு அழகாக ஒரு பருவமழையின் சராசரியைச் சொல்லிவிடுகிறது பாருங்கள். அப்புறம் 2023ஐப் பாருங்கள். டிசம்பர் 17, 18 தேதிகளில், பஞ்சாங்கப்படி மார்கழி பிறந்த கையோடு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. 2021 ஜனவரியிலும் பொங்கலை ஒட்டிக் கொட்டித் தீர்த்து, அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது. ஒரு மழையை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது. அதற்குப் பல பத்தாண்டுப் பதிவு வேண்டும். ஆனாலும் பழமொழி தெரிந்த பாட்டிக்கு மார்கழி மழை உறுத்தும். பழமொழி தெரியாத பேரனுக்கு அது வெறும் மழை.

பழமொழியை விடப் பெரிய உதாரணம் முக்கூடற் பள்ளு. முந்நூறு ஆண்டுக்கு மேல் பழையது. அதில் வரும் இந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர் குறைவு:

ஆற்று வெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி – மலை
யாளமின்னல் ஈழமின்னல் சூழமின்னுதே
நேற்றுமின்றும் கொம்புசுற்றிக் காற்றடிக்குதே – கேணி
நீர்ப்படுசொ றித்தவளை கூப்பிடுகுதே
சேற்றுநண்டு சேற்றில்வளை ஏற்றடைக்குதே

சந்தத்தில் மயங்கி நாம் கவனிக்காமல் விட்ட விஷயம், இது ஒரு வானிலை அறிவிப்பு. எந்த நிகழ்வு? ஆற்று வெள்ளம். எப்போது? நாளை. என்ன ஆதாரம்? மேற்கே மலையாளத்துப் பக்கமும் கிழக்கே ஈழத்துப் பக்கமும் மின்னல், இரண்டு நாளாகச் சுழன்றடிக்கும் காற்று, கிணற்றில் தவளைச் சத்தம், வளை வாயைச் சேறு கொண்டு அடைக்கும் நண்டு. ஐந்து தனித்தனி அறிகுறிகள் ஒரே முடிவைச் சொல்கின்றன. சொல்வது பள்ளர்கள், கேட்பதும் அவர்களே. நாளைக்கு என்ன வேலை என்பது இதிலிருந்து தீர்மானமாகும். சந்தம் இருப்பதால் எழுத்தறியாதவருக்கும் பட்டியல் மறக்காது. அந்த முக்கூடல் இன்று தாமிரபரணிக் கரையில் இருக்கும் சீவலப்பேரி. 2023 டிசம்பர் வெள்ளம் அந்த ஆற்றில்தான் கரைபுரண்டு ஓடியது. அந்தப் பாட்டில் வெள்ளம் கொண்டாட்டம், ஆடிப்பாடித் துள்ளிக்கொள்கிற சேதி. இன்று அதே ஆற்றங்கரையில் அது நிவாரண முகாம். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று ஒருவர் பாடினால் நான் காசு கொடுத்துக் கேட்பேன்.

சென்னைக்கு இப்படி ஒரு பாட்டு இருக்கிறதா? காசிமேட்டிலும் ஊரூர் குப்பத்திலும் கட்டுமரம் ஓட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. வாடை, கொண்டல் என்று சங்கப்பாட்டில் வருகிற காற்றுப் பெயர்களை அவர்கள் இன்றும் சாதாரணமாகச் சொல்வார்கள். எந்த மாதத்தில் எந்தக் காற்று, அப்போது நீரோட்டம் எந்தப் பக்கம், அந்த ஓட்டத்தில் எந்த மீன் என்பது அவர்களுக்கு அன்றாடக் கணக்கு. அந்தக் கணக்கு எங்கெங்கே தப்புகிறது என்பதையும் அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். அதை யாராவது சந்தத்தில் கோத்துவிட்டால் முக்கூடற் பள்ளின் அந்தப் பாட்டுக்கு நெய்தல் நிலத்தில் ஒரு தங்கச்சி கிடைத்துவிடும்.

நடந்ததைத் தேதி போட்டு எழுதிவைப்பதும் கவிதைக்குத் தெரியும். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புயல் தாக்கியபோது பாரதி அங்கேதான் குடியிருந்தார். அவருடைய ‘புயற் காற்று’ பாட்டின் தலைக்குறிப்பைப் பாருங்கள்: நள வருஷம், கார்த்திகை மாதம் 8ந் தேதி, புதன்கிழமை இரவு, ஒரு கணவனும் அவன் மனைவியும். தொல்காப்பியர் கேட்டதில் முக்கால்வாசி அந்த ஒரு வரியிலேயே வந்துவிட்டது. மனைவி எழுப்புகிறாள்:

காற்றடிக் குதுகடல் குமுறுது
கண்ணை விழிப்பாய் நாயகனே!

பிறகு, தப்பித்த நிம்மதி: ‘நேற்றிருந் தோம்அந்த வீட்டினிலே, இந்த நேரமிருந்தால் என்படுவோம்?’ வீடு மாறியதால் பிழைத்த குடும்பம் அது. இந்த ஒரு வரியில் இருக்கிற நடுக்கம் எந்தப் புயல் சேத அறிக்கையிலும் கிடையாது. பிழைத்தது இடத்தைப் பொறுத்தது, இடம் தற்செயலைப் பொறுத்தது என்பதை அது அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது.

அதே பாட்டில் ‘வானம் சினந்தது’ என்றும் வருகிறது. பாரதியை நூறு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணை செய்வது நியாயமில்லை. ஆனால் அந்த வாய்ப்பாட்டை நாம் இன்றும் விடவில்லை என்பதுதான் சிக்கல். கடல் சீறியது, வானம் பழிவாங்கியது, இயற்கை தண்டித்தது என்று எழுதுகிறபோது சீறியதும் பழிவாங்கியதும் கடலாகவும் வானமாகவும் போய்விடுகிறது. நடுவில் இருந்த மனிதர்களின் முடிவுகள் காணாமல் போய்விடுகின்றன. திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் மதராஸ் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அதன் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகள் அரித்துக்கொண்டு போயின. கடல்மட்டம் ஏறுவது இதற்கு மேல் வந்து சேர்கிற சுமை. ‘அலைமகள் ஏன் கோபித்தாள்’ என்று தொடங்குகிற கவிதைக்குள் துறைமுகச் சுவர் நுழையவே முடியாது.

2015 வெள்ளம் இன்னும் சங்கடமான உதாரணம். டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். காலநிலை மாற்றத்தின் கோர முகம் என்று அப்போது எழுதாதவர் கிடையாது. ஆனால் அடுத்த ஆண்டு வெளிவந்த ஒரு சர்வதேச ஆய்வு, அந்த மழைக்குப் புவி வெப்பமாதல் காரணம் என்று சொல்லத்தக்க தடயம் பதிவுகளில் தென்படவில்லை என்று சொன்னது. வங்கக்கடலின் மேற்குப் பகுதியில் மேற்பரப்பு வெப்பம் மற்ற கடல்கள் அளவுக்கு ஏறாமல் இருந்தது அதற்கு ஒரு காரணம். இனியும் அப்படியே இருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த ஒரு நிகழ்வில் ஏரிகளையும் கால்வாய்களையும் நாம் என்ன செய்தோம் என்பதே பெரிய பங்கு என்பதுதான் பொருள். கவிதைக்கு நிகழ்தகவு சொல்ல வராது. 66 சதவீத வாய்ப்பு என்பதை எந்தச் சந்தத்தில் வைத்தாலும் இடிக்கும். அந்த வேலையை அறிக்கையிடமே விட்டுவிடலாம். ஆனால் அறிக்கை தயங்குகிற இடத்தில் கவிதை சத்தியம் செய்யக்கூடாது.

காரணத்தையும் கையையும் காட்டத் தெரிந்த மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் செத்தவர்கள் பல லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோ கடுமையாக எழுந்து பருவமழையைக் கெடுத்தது என்பது இப்போது நமக்குத் தெரியும். அன்று பாடியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கும்மியாகவும் சிந்தாகவும் பாடியது கண்ணில் பட்டதை: தானியத்தின் விலை, விற்ற நகை, பிழைக்கத் தின்றது எது, யார் கொடுத்தார், யார் பதுக்கினார். பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கூலி நிவாரணத்துக்காக வந்தவர்களை வைத்து வெட்டி நீட்டிய கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரை வைத்தார்கள். பறக்கும் ரயிலில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோமே, அதே கால்வாய். எல் நினோவின் நினைவுச்சின்னம் நம் ஊர் நடுவில் ஓடுகிறது, அதன்மேலேயே ரயில் தூண்களையும் நட்டிருக்கிறோம்.

அதன் பிறகு சென்னையின் குஜிலிச் சந்தைக் கடைகளில் விற்ற மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் வந்தன. தீ விபத்து, புயல், வெள்ளம், கொலை என்று எது நடந்தாலும் சில நாளில் சிந்தாகிவிடும். ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை முச்சந்தி இலக்கியம் என்ற பெயரில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது அவற்றின் வழியாகத்தான். அந்த இடத்தில் இன்று கானா இருக்கிறது. 2015க்குப் பிறகு யூடியூபில் வந்த வெள்ளக் கானாக்களில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், யார் படகு கொண்டுவந்தார், யார் எட்டிப் பார்க்கவில்லை என்பதெல்லாம் இருக்கும். சாவுக்குப் பாடிப் பழகிய வடிவம் என்பதால் இழப்பைப் பாட அதற்குக் கூச்சமில்லை. ஆளை, தெருவை, முறையைச் சொல்லி அழத் தெரியும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கி 2017 ஜனவரியில் வெளிவந்த, டி. எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடல் இந்த வழியில் முக்கியமானது. கபேர் வாசுகி எழுதிய சென்னைப் பேச்சுத் தமிழைக் கர்நாடக ராகங்களில் பாடினார் கிருஷ்ணா. கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்தச் சதுப்பில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துகிடக்கிறது. வட சென்னையின் வெள்ளம் வடிய வேண்டிய வாசல் அதுதான். பாட்டு வாதாடுவது நீர்நிலைகளும் மேய்ச்சல் நிலங்களும் எல்லாருக்கும் பொது என்பதற்காக. அதைக் கேட்டவர்களில் பலர் எண்ணூரை வரைபடத்தில் தேடிப் பார்த்திருப்பார்கள். என் கணக்கில் அது ஒரு காலநிலைப் பாட்டு. கடல் ஏறி வரும்போது இந்த ஊரின் வடபாதியைக் காக்கப்போவது அந்தச் சதுப்புதான். சபாவில் பாடுகிற குரலில் அந்த வார்த்தைகள் வந்தது சிலருக்குக் கசந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கசப்பினாலேயே விஷயம் இன்னும் நாலு பேருக்குப் பரவியது.

நடுவில் ஒரு எச்சரிக்கை. வாட்ஸப்பில் சுற்றும் ஒரு ஃபார்வேர்ட் உண்டு: முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்று இளங்கோ அன்றே சொன்னார், தமிழனுக்கு அப்போதே காலநிலை மாற்றம் தெரியும் என்று முடியும். இளங்கோ சொன்னது கடுங்கோடையில் காடும் மலையும் வறண்டு பாலையாவதை. அது அற்புதமான கூர்மை, அதற்கு மேல் அதன்மீது கார்பன் டைஆக்சைடை ஏற்ற வேண்டாம். அப்படி ஏற்றினால் பெருமைப்பட்டுக்கொண்டு அடுத்த ஃபார்வேர்டுக்குப் போய்விடுவோம். பழைய பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வேலைமுறையை.

அதனால் அடுத்த ஜூன் 5க்குப் போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். ‘பசுமை காப்போம்’ என்று தலைப்புக் கொடுப்பதை ஒரு வருஷம் நிறுத்திவைத்துவிட்டு, பழைய உரைகாரர்கள் மாதிரித் துறைக்குறிப்பாகக் கொடுத்துப் பாருங்கள். காசிமேடு, மார்கழி: கடலுக்குப் போக முடியாமல் கரையில் வலை பின்னும் தகப்பன், காலேஜ் முடித்த மகனிடம் சொல்லியது. நுங்கம்பாக்கம், ஐப்பசி: ரெட் அலர்ட் பொய்த்து வெயில் அடித்த மறுநாள், ‘சும்மா லீவு விட வைத்தீர்களே’ என்று கேட்ட மனைவிக்கு வானிலை மைய ஊழியர் உரைத்தது. பள்ளிக்கரணை, சித்திரை: 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பின் ஓரத்தில் வீடு பார்க்க வந்தவர் ‘மழைக்குத் தண்ணீர் நிற்குமா’ என வினவ, தரகர் சொல்லியது.